மூன்று டிகிரி

மார்ச் 3

அம்மாடி,

பஸ் சொன்ன நேரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. பெரியவளும் மாப்பிள்ளையும் நிலையத்துக்கே வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி இவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வாராவாரம் தொண்டையைக் காட்ட வேண்டுமாம். இரண்டு மாதமாவது இங்கேதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். குரல்பெட்டியை எடுத்துவிட்டவனிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

போனில் பேச வழியில்லை. என் பொத்தான் போனில் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துகிற பொறுமையும் இல்லை. அதனால் என் பவள மீன்தொட்டி விஷயத்தைக் கடிதத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் எனக்கு ஒரு ஸ்லேட்டு வாங்கித் தந்திருக்கிறார்கள். எழுதி எழுதி அழிக்கிறேன், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

பெற்ற பிள்ளை வீட்டில் இருக்க, மருமகளிடம் ஏன் தொட்டியை ஒப்படைத்தீர்கள் என்று பெரியவள் கேட்டாள். நீ அச்சுத்தாளில் பிழை தேடிச் சம்பாதிப்பவள், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் உன் கண் நிற்கும் என்று எழுதிக் காட்டினேன்.

கிளம்பும் அவசரத்தில் சொல்ல விட்டவற்றை எழுதுகிறேன். வெயில் ஏற ஏற உப்புத் தண்ணீரும் சூடாகும். பவளத்துக்குச் சூடு ஆகாது. அதைவிட, சூடு மேலும் கீழும் ஆடுவது ஆகாது. கீழ்ப்பெட்டியில் இருக்கும் சில்லர்தான் தண்ணீரைக் குளிர்விக்கிறது. அதன் திருகில் இருந்த எண்கள் எல்லாம் அழிந்து போய்விட்டன. வெறும் மழுங்கல் திருகு. ஆகவே தொட்டிக்குள் தொங்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பார்த்துத்தான் திருகை வைக்க வேண்டும். சிவப்புக் கோடு இருபத்தொன்பதில் நிற்க வேண்டும். ஏறினால் திருகை இடப்பக்கம் ஒரு நூலிழை. இறங்கினால் வலப்பக்கம். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குச் சுத்திகரித்த தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்று. மதியத்தில் விளக்கைக் குறைத்துவிடு.

போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். அந்த நீல விளக்கில் எடுத்தால் எல்லாமே பொய்யாகத்தான் தெரியும். உன் கண்ணால் பார்த்து எழுது.

மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது. சிவப்புக் கோடு இருபத்தொன்பதில் நிற்கிறது. காலையில் மெய்ப்புத் தாள்களோடு தொட்டிக்கு எதிரில்தான் உட்கார்கிறேன். ஒரு பக்கம் திருத்திவிட்டு நிமிர்ந்தால் கோமாளி மீன்கள் இரண்டும் என்னை மேற்பார்வை செய்துகொண்டிருக்கின்றன. மூளைப் பவளம் நன்றாக உப்பியிருக்கிறது. நகக்கண் அளவுத் துண்டாக வாங்கி வந்து வளர்த்ததாக நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. இப்போது அதை மூட இரண்டு கையும் வேண்டும்.

இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் என் பொறுப்பில் விட்ட முதல் பொருள் இதுதான். அதனால்தான் இவ்வளவு பயமாக இருக்கிறதோ என்னவோ. உங்கள் பிள்ளையிடம் சொன்னால் சிரிக்கிறார். நீங்களும் வந்து ஒரு தடவை பாருங்களேன் என்றேன். "அந்தத் தொட்டில கை வெச்சா எனக்கு ஷாக் அடிக்கும், நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டார். உங்கள் இருவருக்கும் நடுவே இந்தத் தொட்டியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஒரு சந்தேகம். தவறாக நினைக்க வேண்டாம். பவளத் தொட்டி பற்றி நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்து வந்தேன். இரண்டிலும் இருபத்தைந்து, இருபத்தாறு என்றுதான் போட்டிருக்கிறது. இருபத்தொன்பது அதிகம் என்று ஒன்றில் தனியாக ஒரு பத்தியே இருக்கிறது. நீங்கள் எழுதியது இருபத்தொன்பதுதானா? கை தவறி எழுதியிருந்தால் தெரிவியுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 14

அம்மாடி,

எழுதியது இருபத்தொன்பதுதான். கை தவறவில்லை. மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை நான் செய்தது ஒரே வேலை: தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சீட்டு ஒட்டுவது. டிகிரி விஷயத்தில் எனக்குப் புத்தகம் தேவையில்லை.

புத்தகம் எழுதியவன் என் தொட்டியில் வந்து குடித்தனம் நடத்தவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சொன்னதைச் செய்.

தொண்டையில் போட்ட துளை ஆறிக்கொண்டு வருகிறதாம். அதை மூடிக்கொள்ள பெரியவள் துணி தைத்துத் தந்திருக்கிறாள். சாப்பிடும்போது யாரும் எதிரில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா

மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மன்னிக்கவும்.

இங்கே எல்லாம் நலம். தண்ணீர் இருபத்தொன்பதில் இருக்கிறது. வெயில் கூடியிருக்கிறது, ஆனால் கவனமாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். மீன்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன. பவளங்கள் எப்போதும் போல இருக்கின்றன.

வேறு ஒரு விஷயமும் எழுத நினைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அச்சகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தின் மெய்ப்பு வந்திருக்கிறது. அதனால் இந்தக் கடிதம் சின்னதாகப் போகிறது.

உங்கள் மருமகள்

மார்ச் 27

அம்மாடி,

உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் போன தடவை கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன் என்று உறைத்தது. மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே பேச முடியாமல் உட்கார்ந்திருப்பதில் உள்ளே ஏறுகிற சூட்டுக்கு எந்தச் சில்லரும் இல்லை.

நேற்று மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் வந்தார். அவரும் வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர். வெளியூர் போனால் தொட்டியை யாரிடம் விடுவது என்று தெரியாமல் கல்யாணம் காட்சிக்கெல்லாம் போவதையே விட்டுவிட்டாராம். நான் ஸ்லேட்டை எடுத்து, என் மருமகளிடம் விட்டால் கடலையே பார்த்துக்கொள்வாள் என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "குடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றார். அதைப் பெரியவளும் கேட்டாள். கேட்கட்டும் என்றுதான் எழுதினேன்.

எனக்குப் பேசுவதற்கு ஒரு கருவி தருகிறார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து ஒருவன் பேசுவது போல ஒரு சத்தம் வருகிறது. ஒரே தடவை செய்து பார்த்தேன். அடுப்படியில் பெரியவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பிறகு அதைப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தாலும் ஸ்லேட்டுதான்.

மூளைப் பவளம் விளிம்பில் புதிதாக வளைந்திருக்கிறதா என்று பார்த்து எழுது. இந்த மாதம் வளர வேண்டும்.

மாமா

ஏப்ரல் 2

மாமா,

உங்கள் கடிதத்தை முழுதாகப் படிக்க முடியவில்லை. கடலையே பார்த்துக்கொள்வாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பவளங்கள் வெளுத்துவிட்டன.

முதலில் சுத்தியல் பவளம் நுனிகளை உள்ளே இழுத்துக்கொண்டது. ஏதோ கோபம், சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு விரல் பவளம் அடியிலிருந்து மேலே நிறம் விட ஆரம்பித்தது. பால் வெள்ளை இல்லை அது. தோல் கண்ணாடியாகி உள்ளே இருக்கிற எலும்பு தெரிகிற வெள்ளை. மூளைப் பவளம் விளிம்பில் வளைந்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். விளிம்பிலிருந்துதான் வெளுத்துக்கொண்டு வருகிறது.

மார்ச் இருபதில் உங்களுக்கு எழுதிய கடிதம் பொய். அன்று நான் எழுத நினைத்து எழுதாமல் விட்டது இதுதான்: உங்கள் தெர்மாமீட்டரை நான் உடைத்துவிட்டேன். கண்ணாடியில் பாசி படிந்து எண் மங்கலாக இருக்கிறதே என்று வெளியே எடுத்துத் துடைத்தேன். குழாயடித் தொட்டியில் நழுவி இரண்டாகிவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் உங்கள் கோபக் கடிதம் வந்திருந்தது. அந்தச் சூட்டோடு இதையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலமே கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து, அதே இடத்தில், அதே உயரத்தில் தொங்கவிட்டேன். நீங்கள் திரும்பி வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியக் கூடாது என்று பழையதன் தொங்கு கயிற்றையே இதற்கும் கட்டினேன். இதை எழுதும்போது முகம் எரிகிறது.

புதியது இருபத்தாறு காட்டியது. நான் பயந்துவிட்டேன். என் கை பட்டதில் ஏதோ ஆகித் தண்ணீர் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து, திருகை வலப்பக்கம் நகர்த்தி நகர்த்தி இருபத்தொன்பதுக்குக் கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அதிலேயே காத்து வந்தேன். வெயில் மிஞ்சிய ஒரு மதியம் முப்பதைத் தாண்டியும் போயிருக்கிறது.

சரியாக இருக்கிற சொல்லைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடுவது என் தொழிலில் மிகப் பெரிய கேவலம். பிழையை விட்டுவிடுவதைக்கூட மன்னிப்பார்கள். புத்தகங்கள் சொன்ன எண் என் கண் முன்னால் நின்றது மாமா. அதை நானே அழித்தேன். உங்கள் மீது இருந்த நம்பிக்கையால் செய்தேன் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. இன்னொரு கேள்வி கேட்டால் தெர்மாமீட்டர் உடைந்த கதை வெளியே வந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

அண்ணிக்கு ஒரு போன் செய்தால் இன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கும் தைரியம் இல்லை. தபாலில் போட்டால், உங்கள் முகம் மாறும் நேரத்தில் நான் எதிரில் இருக்க மாட்டேன்.

புத்தகத்தில் சொல்லியிருப்பதுபோல் இறக்கட்டுமா? உங்களைக் கேட்காமல் அந்தத் திருகைத் தொடக் கை வரவில்லை. மீன்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன.

மருமகள்

ஏப்ரல் 6

அம்மாடி,

கடிதம் வந்த கையோடு மாப்பிள்ளையை உனக்குப் போன் செய்யச் சொன்னேன். ஒரு நாளைக்கு அரை டிகிரி மட்டும், இருபத்தாறு வரை இறக்கு என்று நான் எழுதிக் காட்டியதை அவர் படித்தார். ஒரேயடியாகக் குளிர்வித்துவிடாதே. சூட்டில் பிழைத்தது அந்த அதிர்ச்சியில் போய்விடும். அழுகிய வாடை வருவதை எடுத்து எறிந்துவிடு, இல்லையென்றால் மற்றதையும் கெடுக்கும். வெளுத்ததை எறியாதே. வெளுப்பு சாவு இல்லை. விளக்கைப் பாதியாக்கு. சாயங்காலம் விளக்கு அணைந்த பிறகு மூளைப் பவளம் இரை பிடிக்கச் சிறு விரல்களை நீட்டும். அப்போது பொடித்த இறாலைச் சொட்டுக்குழாயில் எடுத்துக் கிட்டத்தில் விடு.

இவ்வளவும் போனில் போயிற்று. போனில் போகாததை இப்போது எழுதுகிறேன்.

நீ உடைத்த தெர்மாமீட்டர் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டும். கண்ணாடிக்குள் இருந்த அளவுத்தாள் ஒட்டு விட்டுக் கீழே சரிந்திருந்தது. அது இருபத்தொன்பது காட்டினால் தண்ணீர் இருபத்தாறு. நான் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் மூன்றைக் கழித்துக்கொள்வேன். நீ வாங்கியது சரியான கருவி. அது சரியாகத்தான் காட்டியது. உன் புத்தகமும் சரி.

கேவலம் ஒரு தெர்மாமீட்டரை ஏன் மாற்றவில்லை என்று கேட்பாய். சில வருஷங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் தொட்டி பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். உன் வீட்டுக்காரன் அவர்கள் முன்னால், "அப்பா, இது தப்பாக் காட்டுது" என்றான். "எனக்கே டிகிரி சொல்லித் தர்றியா? முதல்ல உன் மார்க்கு எத்தனைன்னு இவங்ககிட்ட சொல்லு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் உருகும் ஐஸில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன்; பூஜ்யம் காட்ட வேண்டியது மூன்று காட்டியது. அவன் சொன்னது சரி. தெர்மாமீட்டரை மாற்றினால் அவன் கவனிப்பான். அதனால் மாற்றவில்லை. அன்றிலிருந்து அவனும் தொட்டிப் பக்கம் வந்ததில்லை.

மார்ச்சில் நீ கேட்டாய். அப்போதே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுத உட்கார்ந்தேன் அம்மாடி. பேனா போகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் சுரைக்காய் கதை எழுதினேன். நீ உடைத்ததை மறைத்தாய், நான் தப்பை மறைத்தேன். இரண்டில் எது பெரிது என்று கேட்டால், தராசுத் தட்டு என் பக்கம்தான் தாழும்.

ஒரு உதவி. இந்தக் கடிதத்தை அவனிடம் காட்ட வேண்டாம். குரலும் போய், இருந்த ஒரே பெருமையும் போய் நான் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது? உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

மாமா

ஏப்ரல் 12

மாமாவுக்கு,

தண்ணீர் இருபத்தாறுக்கு வந்துவிட்டது. விரல் பவளம் போய்விட்டது. சுத்தியலில் பாதியை வெட்டி எடுத்தேன். அந்த வாடை இன்னும் கையில் இருப்பது போலவே இருக்கிறது. மூளைப் பவளம் வெளுத்தபடியே இருக்கிறது. இறாலை வாங்கிக்கொள்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. என் தலையில் இருந்த மூட்டையில் பாதி உங்களுடையது என்று தெரிந்ததும் தோள் லேசாகிவிட்டது. அப்படி லேசானதை நினைத்துக் கொஞ்ச நேரம் வெட்கமாக இருந்தது. கடைசிப் பத்தியை மறுபடி படித்தபோது கோபம் வந்தது. உங்கள் மீது எனக்குக் கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

மாப்பிள்ளை அண்ணா போன் செய்த அன்றே அண்ணியும் பேசினார். "அப்பா கண்ணுல வெச்சு வளர்த்தது. படிச்ச பொண்ணுன்னு நம்பிக் குடுத்துட்டு வந்தாரு. ஒரு நம்பரைப் பாத்து ஒரு திருகைத் திருகத் தெரியலையா உனக்கு? லெட்டர் வந்ததுலேர்ந்து அவரு இங்க ஒண்ணும் சாப்பிடலை" என்றார். அப்போது உங்கள் கடிதம் எனக்கு வரவில்லை. என் தப்புதான் அண்ணி என்றேன். அது எனக்குக் கஷ்டமாக இல்லை, ஏனென்றால் அப்போது அதுதான் உண்மை.

கடிதம் வந்த பிறகு நடந்ததுதான் கஷ்டம். செத்த விரல் பவளத்தை நான் வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் பிள்ளை பின்னால் வந்து நின்றார்.

"இருபத்தொன்பதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நானாத்தான் வெச்சேன்."

"நீயா."

"ஆமா. சரியாப் புரிஞ்சுக்கலை."

அவர் தலையை ஆட்டிவிட்டு வாளியை வாங்கிக்கொண்டு போனார். என் இடுப்பில் உங்கள் கடிதம் இருந்தது, மாமா.

உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் முழுசாக உண்மையில்லை. மாமனாரைக் காட்டிக்கொடுக்காதவள் என்று நாளைக்கு நீங்கள் என்னை நினைக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. ஒரு பொய்யை மறைக்கப் போய் இவ்வளவும் நடந்தது. இப்போது இன்னொன்றுக்குக் காவல் நிற்கிறேன்.

கடிதத்தை நான் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அது உங்கள் வாக்குமூலம், என் கையில் இருப்பதால் என்னுடையதாகிவிடாது. ஆனால் இந்த வீட்டில் எல்லோர் கண்ணிலும் நான் தனியாகச் செய்தவளாக இருக்க என்னால் முடியவில்லை. அதற்கும் உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கிறது பாருங்கள். நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். ஆனால் தொட்டியை இனிமேல் என்னிடம் தராதீர்கள்.

மருமகள்

ஏப்ரல் 19

அம்மாடி,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் பெரியவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னப்பா அதில் என்று கேட்டாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வந்தேன். இங்கே வந்த பிறகு முதல் தடவை. அவர்கள் ஆச்சரியமாகத் தட்டு வைத்தார்கள். நான் ஸ்லேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அந்தப் பலகையில் நாலு வரிக்கு மேல் பிடிக்காது. மாப்பிள்ளைக்குத் தூரத்து எழுத்து தெரியாது. அதனால் பெரியவள் ஒவ்வொரு தடவையும் உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. தெர்மாமீட்டர் தப்பு. அது எனக்குத் தெரியும். அழித்தேன். மருமகள் கேட்டாள். நான் சொல்லவில்லை. அழித்தேன். என் குற்றத்தை என் மகள் குரலில், தவணை தவணையாக, சோறு ஆறுகிற வரைக்கும் கேட்டேன்.

படித்து முடித்துவிட்டு அவள் ஒன்று கேட்டாள். "அப்ப அந்தப் பொண்ணை நான் போன்ல அவ்வளவு பேசினேனே, பக்கத்துலதானே உக்காந்து இருந்தீங்க?"

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை உனக்கு எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். அவள் பேசியது முழுவதும் காதில் விழுந்தது. கையைத் தட்டி நிறுத்தியிருக்கலாம். ஸ்லேட்டு மடியிலேயே இருந்தது. குரல் இல்லாதவன்தானே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். ஆபரேஷன் செய்தவன் எடுத்தது குரலை மட்டும்தான். மிச்சத்தை நானே எடுத்துப்போட்டேன்.

பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உன்னிடம் அவளே பேசுவாள் என்று நினைக்கிறேன். பேசாவிட்டாலும் அது என்னால் வந்த கூச்சம் என்று எடுத்துக்கொள்.

இதோடு உன் வீட்டுக்காரனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ படித்துவிட்டுக் கொடுத்தாலும் சரி, படிக்காமல் கொடுத்தாலும் சரி. நான் அவனுக்கு எழுதுகிற முதல் கடிதம். ஆரம்பிக்கவே நாலு தாள் வீணாயிற்று.

டாக்டர் இனிமேல் மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்றுவிட்டார். இங்கேயே இருந்துவிடுங்களேன் என்கிறார் மாப்பிள்ளை. நல்ல மனுஷர். எனக்கும் அது வசதியாகத்தான் படுகிறது. உங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் இருந்துவிடலாம். ஒரு முடிவுக்கு வரவில்லை.

மாமா

ஏப்ரல் 25

அன்புள்ள மாமாவுக்கு,

அண்ணி பேசினார். இரண்டு நிமிஷம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, "நான் அன்னைக்குப் பேசினதை மறந்துடு" என்றார். சரி என்றேன். மறப்பது இருவருக்குமே கொஞ்ச நாள் ஆகும்.

உங்கள் பிள்ளைக்கு வைத்த கடிதத்தை நான் படிக்கவில்லை. படிக்க ஆசையாகத்தான் இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் கொடுத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே படித்தார். மடித்தார். திரும்பப் பிரித்துப் படித்தார்.

பிறகு உள்ளே வந்து தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார். "தாள் சரிஞ்சது எனக்கு அன்னைக்கே தெரியும். மறுநாள் அப்பா ஐஸ்ல வெச்சுப் பார்த்ததையும் கதவோரமா நின்னு பாத்தேன். நீ 'நானாத்தான்'னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பா வாயைத் திறக்கறாரா இல்லையான்னு பாப்போம்னுதான் சும்மா இருந்தேன்." சொன்ன பிறகு, அத்தனை நாளும் என்னைப் பழி சுமக்க விட்டுவிட்டோம் என்று அவருக்கே உறைத்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை.

ஆகவே மாமா, எங்கள் முகத்தைப் பார்க்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்த வீட்டில் நிமிர்ந்து பார்க்கிற முகம் இப்போது ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு என்ன பதில் எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். எழுதுவதற்கு ஒன்றுமில்லை, போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவார். நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டு எழுதவா என்றேன். கேட்க வேண்டாம் என்றார். நான் கேட்காமலே எழுதுகிறேன்.

மூளைப் பவளத்தின் நடுவில் ஒரு இடத்தில் பழைய பச்சை நிறம் தெரிகிறது போல இருக்கிறது. ஆசையில் தெரிகிறதா, உண்மையில் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். விரல் பவளம் இருந்த பாறை வெறுமையாக இருக்கிறது. வேறு எதையும் அங்கே வைத்து மறைக்கவில்லை.

உங்கள் மீது எனக்கு இருக்கிற கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. என் மீது இருப்பதும் போகவில்லை. இரண்டும் இருக்கிற வீட்டுக்குத்தான் நீங்கள் வர வேண்டியிருக்கும். வாருங்கள்.

உங்கள் மருமகள்